இன்னொரு கிண்ணம் சோறு போடட்டுமா?

என் பெயர் இளமாறன். வயது இருபத்து நான்கு. இருப்பது ஜப்பானில், பிவா ஏரிக்கரையில் குசாட்சு என்கிற ஊர். உடம்பு நன்றாக இருக்கிறது, மதியச் சாப்பாடு கம்பெனியிலேயே கிடைக்கிறது, குளிருக்கு ரெண்டு போர்வை இருக்கிறது. ரெண்டு போர்வையா, அவ்வளவு குளிரா என்று யாரும் பதற வேண்டாம். இங்கே எல்லாரிடமும் ரெண்டு இருக்கிறது.

நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது. நடுவில் சம்பந்தமில்லாத வார்த்தை ஏதாவது விழுந்திருந்தால் அது நான் சொன்னதில்லை, பக்கத்தில் போகிற ரயில். தாண்டிப் படியுங்கள். என்னைப் பற்றி எது சொன்னாலும் வீட்டில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து அதற்கு அர்த்தம் பார்ப்பீர்கள். அதனால் என்னைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. கம்பெனியில் என்னோடு சேர்ந்து சாப்பாட்டுப் பெட்டி அடுக்குகிற மிகாமி ஹயாதோவின் கதையைச் சொல்கிறேன். அவன் வடக்கே ஹிரோசாகி ஊர்க்காரன். முதன்முதலாக முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பிய நாட்களில் நடந்தது இது.

அந்தப் பையில்தான் பிரச்சினை ஆரம்பித்தது.

ஆள் உயரப் பை. விடுதி என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்த ஒரு சின்ன வீட்டின் வாசலில், பையோடு உள்ளே நுழைய முடியாமல் ஹயாதோ பக்கவாட்டில் திரும்பி, பின்னால் திரும்பி, கடைசியில் நண்டு மாதிரி நுழைந்தான். வீட்டுக்காரம்மா ஒகிதா ஃபுமியே கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து ஓடிவந்தார். ஐம்பதைத் தாண்டிய அம்மா. உருண்டை முகம்.

"அடேயப்பா, எவ்ளோ பெரிய பை! இதைத் தூக்கிக்கிட்டா அவ்ளோ தூரம் வந்தீங்க? நல்ல தெம்புதான் தம்பி உங்களுக்கு!"

"ஆமாங்க," என்றான் ஹயாதோ. அவன் ஊரில் அவ்வளவுதான் பேசுவார்கள். குளிரில் வாயைத் திறந்தால் பல் உறைந்துவிடும் என்று, "எங்க?" "குளிக்க" என்பதோடு இரண்டு பேர் பேச்சை முடித்துக்கொண்டு போய்விடுகிற ஊர்.

மாடி அறைக்குப் போனதும் அக்காவுக்கு போன் போட்டான். அக்கா பெயர் சிகா. ஒரு முடிதிருத்தும் நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஊரில் எவரெவர் தலையில் என்ன ஓடுகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"வந்து சேர்ந்துட்டேன்க்கா."

"எப்படிடா வீட்டுக்காரம்மா?"

"நல்லவங்க. பை பெருசா இருக்கு, நல்ல தெம்புன்னு சொன்னாங்க."

அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"டேய், நீ இப்ப இருக்கிறது கியோட்டோ. தெரியுமில்ல?"

"தெரியும். முகவரியிலயே இருக்கு. கியோட்டோ நகரம், யமாஷினா."

"கியோட்டோக்காரங்க ஒண்ணு சொன்னா அதுக்கு வேற அர்த்தம்டா! நேத்துகூட டிவியில காட்டினான். 'உங்க வீட்டுப் பொண்ணு பியானோ நல்லா வாசிக்குதே'ன்னா என்ன அர்த்தம்?"

"நல்லா வாசிக்குதுன்னு."

"காது கிழியுது, மூடுன்னு அர்த்தம்! பை பெருசுன்னா என்ன அர்த்தம்?"

ஹயாதோ யோசித்தான். "பை... பெருசுன்னு?"

"என் சுவரையெல்லாம் இடிச்சுக்கிட்டு வந்திருக்கியே எருமைன்னு அர்த்தம்!"

ஹயாதோ பையைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தான். ஊரில் அவன் வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். திரும்பிப் போனால் தெருமுனையில் மாமாவின் பெட்ரோல் பங்க் வேலை காத்திருக்கிறது. அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, சின்ன வயதிலிருந்து பார்க்க நினைத்த கோட்டைகளைப் பார்த்துவிட வேண்டும், கடைசியாக ஹிமேஜியின் வெள்ளைக் கோட்டை முன்னால் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டும் என்று கிளம்பியவன். கிளம்பும்போது அப்பா சொன்னார்: "நீயா? யாராவது முறைச்சாலே மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்துடுவே."

இலை சிவக்கும் பருவம். அதைப் பார்க்க வருகிற கூட்டத்தில் கியோட்டோ முழுக்க அறை கிடையாது. மாசக்கணக்காகத் தேடி, யாரோ கடைசி நேரத்தில் ரத்து செய்ததால் கிடைத்த அறை இது. இந்த அம்மா வெளியே போ என்று சொன்னால் நேரே பெட்ரோல் பங்க்தான்.

"இப்ப என்னக்கா பண்றது?"

"பையக் கண்ணுல காட்டாத."

அன்று சாயங்காலமே பையை ரயில் நிலையத்து லாக்கரில் வைத்துப் பூட்டினான். மாற்றுத்துணியை ஒரு மளிகைக்கடை கவரில் சுருட்டிக்கொண்டு வந்தான்.

காலையில் ஃபுமியே அந்தக் கவரைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, உங்க பை எங்க? தொலைஞ்சு போச்சா?"

"இல்லீங்க. ஸ்டேஷன் லாக்கர்ல..."

"லாக்கர்லயா! எதுக்கு? இங்கதான் இவ்ளோ எடம் கெடக்கே!"

அக்காவிடம் கேட்டதற்கு, இடத்தையெல்லாம் நீ அடைத்துக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம் சொன்னாள். ஹயாதோ படுக்கையை அறையின் ஒரு மூலைக்கு இழுத்து, பூனை மாதிரி சுருண்டு படுக்க ஆரம்பித்தான்.

அடுத்தது சோறு.

ஃபுமியே காலைச் சாப்பாட்டை அவரே செய்வார். மீன், சூப், முட்டை, டர்னிப் ஊறுகாய், ஆவி பறக்கச் சோறு. ஹயாதோ ஒரு கிண்ணத்தை நிமிஷத்தில் காலி செய்தான்.

"பாக்கவே சந்தோஷமா இருக்கு, எப்படிச் சாப்பிடுறீங்க! இன்னொரு கிண்ணம் சோறு போடட்டுமா?"

"போடுங்க."

"இன்னொரு கிண்ணம்?"

"போடுங்க."

பிறகு கோயில் ஒன்றின் மரத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது, சும்மா இருக்காமல் இதை அக்காவிடம் சொல்லிவிட்டான். எதிரே செடிக்குப் பதில் வெள்ளைக் கூழாங்கல்லைப் பரப்பி வரிவரியாகக் கீறிவிட்ட தோட்டம். சுற்றிலும் ஜனங்கள் மூச்சுவிடாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனிலிருந்து அலறல் வந்தது.

"மூணு கிண்ணமா? டேய்! கியோட்டோவுல 'இன்னும் சாப்பிடுறீங்களா'ன்னா 'எழுந்திரிச்சுப் போ'ன்னு அர்த்தம்! சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்!"

தோட்டத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஹயாதோவைப் பார்த்தார்கள். அவன் குனிந்து மன்னிப்புக் கேட்டான். கூழாங்கல்லிடமும் ஒரு தடவை கேட்டான்.

மறுநாள் அரைக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டான். ஃபுமியேயின் முகம் சுருங்கியது. "உப்பு கம்மியோ?" என்று கேட்டார். ஹயாதோ தலையை ஆட்டினான். இல்லை என்று ஆட்டினானா ஆமாம் என்று ஆட்டினானா என்பது அவனுக்கே தெரியவில்லை. அதற்கு மறுநாள் மேஜை நிறைய வகைகள் இருந்தன. பூசணிக்காய், டோஃபு, காளான், இன்னொரு மீன், பெயர் தெரியாத ஒரு கீரை. ஃபுமியே விடிவதற்கு முன்பே எழுந்து செய்திருக்க வேண்டும். ஹயாதோ அவ்வளவையும் பார்த்தான். இவ்வளவு வைத்திருக்கிறார் என்றால் எவ்வளவு கோபமாக இருக்கிறார்!

ஒரு துண்டு ஊறுகாயைக் கடித்துவிட்டு எழுந்துவிட்டான்.

அன்றைக்கு நிஜோ கோட்டை. எதிரி நடந்தால் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும்படி பலகை போட்ட தாழ்வாரம். வரிசையில் போகிறவர்களின் காலடியில் பலகைகள் குருவி மாதிரிக் கீச்சிட்டன. அந்தக் கீச்சொலியை எல்லாரும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது அதற்கு மேல் ஒரு பெரிய உறுமல் எழுந்தது. எல்லாரும் திரும்பினார்கள். காவலாளியும் திரும்பினார்.

ஹயாதோ வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"பசிக்குதா தம்பி?" என்றார் காவலாளி.

இவர் எந்த அர்த்தத்தில் கேட்கிறார் என்று தெரியாததால் ஹயாதோ பதில் சொல்லாமல் ஓடிவிட்டான். பலகைகள் அவன் ஓட்டத்தை ஒன்றுவிடாமல் அறிவித்தன.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து, படியில் சத்தம் வராமல் விரல் நுனியில் ஏறினான். பாதிப் படியில் ஃபுமியே எதிர்ப்பட்டார்.

"அம்மாடி! வந்ததே தெரியல. எவ்ளோ அமைதி நீங்க!"

"நீ திருடன் மாதிரி வர்றேன்னு சொல்றாங்க," என்றாள் அக்கா போனில். "இனிமே வர்றது தெரியற மாதிரி வா. இருமு."

ஹயாதோ இருமினான். நுழையும்போது ஒன்று, படியில் ஒன்று, குளியலறைக்குப் போகும்போது ரெண்டு. காலையில் ஃபுமியே அவனை எதிர்பார்த்து வாசலிலேயே நின்றிருந்தார். கையில் ஒரு துணி. உள்ளே வாட்டிய வெங்காயத்தாள்.

"கழுத்தக் காட்டுங்க."

"இல்லீங்க, எனக்கு..."

"காட்டுங்கன்னா! ஊருக்குப் புதுசா வந்த புள்ள, நைட்டெல்லாம் இருமுது. உங்கம்மா பாத்தா என்ன சொல்லுவாங்க?"

வெங்காயத்தாளைத் துணியோடு அவன் கழுத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார். இறுக்கமாகவே கட்டினார். ரயிலில் அவனுக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்காரவில்லை.

அந்தக் கழுத்தோடுதான் ஹிகோனே கோட்டை ஏறினான். ஏணி மாதிரி செங்குத்தான படி. முன்னால் போன சின்னப் பெண், "அம்மா, இந்த அண்ணன்கிட்ட சூப் வாசனை வருது" என்றாள். மேல் மாடியில் நின்று பிவா ஏரியைப் பார்த்தான். எவ்வளவு பெரிய தண்ணீர். சுவரில் துப்பாக்கி நீட்டுகிற துவாரங்கள் இருந்தன. அதை வெளியிலிருந்து சுண்ணாம்பு பூசி மூடியிருப்பார்களாம். கீழே இருந்து பார்ப்பவனுக்கு வெறும் வெள்ளைச் சுவர். சண்டை வந்தால் உள்ளே இருந்து பூச்சைக் குத்திவிட்டுச் சுடுவார்கள்.

ஹயாதோ அந்தத் துவாரத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றான். ஃபுமியே அம்மாவின் சிரிப்பை நினைத்துக்கொண்டான். கழுத்தில் அவர் கட்டிய துணி இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது. பூச்சுக்குப் பின்னால் துப்பாக்கி இருக்கிறது என்று அக்கா சொல்கிறாள். கழுத்து வேறு மாதிரி சொல்கிறது. யாரை நம்புவது? அக்கா ஒரு நாளும் அவனுக்குக் கெடுதல் நினைத்தவளில்லை. கழுத்துக்கு உலக அனுபவம் கிடையாது.

"வெங்காயத்தாள்னா என்னக்கா அர்த்தம்?"

வெங்காயத்தாளா என்று அக்கா ரெண்டு தடவை கேட்டாள். டிவியில் அதைக் காட்டவில்லை போலிருக்கிறது.

"கழுத்த நெரிக்கணும் போல இருக்குன்னு சொல்றாங்கன்னு நெனக்கிறேன்," என்றாள் கடைசியில்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஃபுமியே தயங்கித் தயங்கிப் பேச ஆரம்பித்தார். மடியில் கையைக் கோர்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, மலையடிவாரத்துல ஒரு கோயில் இருக்கு. பெரிய கோயிலெல்லாம் இல்ல. பூசாரி எனக்குத் தெரிஞ்சவரு. கூட்டம் வர்றதுக்கு முன்னாடி காலையில உள்ள விடுவாரு. படி முழுக்கச் செவப்பு இலை விழுந்து கெடக்கும், யாரும் மிதிச்சிருக்க மாட்டாங்க. நான் வருஷா வருஷம் தனியாத்தான் போவேன். நீங்க இவ்ளோ ஆசையாக் கோயிலெல்லாம் பாக்குறீங்களேன்னு... நாளைக்கு என்கூட வாங்களேன்."

ஹயாதோவின் மனசு ஒரு அடி முன்னால் போனது. யாரும் மிதிக்காத இலை. "வரேன்" என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"ஒரு நிமிஷம்," என்று கழிவறைக்குப் போய் போன் போட்டான்.

"போயிடாதடா! 'வாங்களேன்'னா சும்மா வாய் வார்த்தை. அதை நம்பிப் போனா காலத்துக்கும் சிரிப்பாங்க."

"அப்ப வரலன்னு சொல்லட்டுமா?"

"அப்படி முகத்துல அடிச்ச மாதிரியா சொல்லுவே? அவங்க பாஷையிலயே சொல்லு. 'யோசிச்சுச் சொல்றேன்'னு சொல்லு."

திரும்பி வந்து உட்கார்ந்து சொன்னான். "யோசிச்சுச் சொல்றேங்க."

கியோட்டோ வட்டாரத்தில் கடைக்காரனிடம் பேரம் பேசிவிட்டு "யோசிச்சுச் சொல்றேன்" என்றால் இந்த ஜென்மத்தில் வாங்க மாட்டேன் என்று அர்த்தம். எல்லாருக்கும் தெரியும். ஃபுமியேவுக்கும் தெரியும்.

"ஓ," என்றார். "பரவாயில்ல. பரவாயில்ல தம்பி." கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. இருந்ததே மூன்று கிண்ணம்தான்.

மறுநாள் அவர் தனியாகவே கோயிலுக்குப் போய் வந்தார். ஹயாதோ ஜன்னல் வழியாகப் பார்த்தான். தெருமுனையில் ஒரு தடவை நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தார். முறைத்துப் பார்க்கிறார் என்று நினைத்து ஹயாதோ திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். திரும்பி வந்த ஃபுமியே, தேநீர் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். இலை எதையும் பற்றிப் பேசவில்லை.

"தம்பி, மனசுல பட்டதக் கேக்குறேன். தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு எங்க வீடு சரிப்படல, இல்லையா?"

ஹயாதோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"பையக் கொண்டுபோய் லாக்கர்ல வச்சிருக்கீங்க. மூலையில சுருண்டு படுக்குறீங்க. நான் சமைக்கிறது எறங்கல. என்னப் பாத்தாலே இருமல் வருது. நான் இந்த விடுதிய ஆரம்பிச்சு ரொம்ப நாள் ஆகல. எனக்கு எது சரி எது தப்புன்னு இன்னும் புடிபடல. பக்கத்து ஊரு ஓட்சுவுல என் தங்கச்சி ஒரு விடுதி வச்சிருக்கா. ஜன்னலத் தொறந்தா ஏரி. அவகிட்ட ஒரு அறை கேட்டு வச்சிருக்கேன். உங்களுக்கு அங்க வசதின்னா, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

இதற்கு அக்காவைக் கேட்க வேண்டியதே இல்லை. துப்பாக்கி பூச்சைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இனி அந்தத் தங்கச்சி வீட்டிலும் போய் அதே எருமையாக நிற்பதா? ஹயாதோ முடிவு செய்துவிட்டான். ஹிமேஜியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஊருக்குப் போய்விடலாம். அப்பா சொன்னதுதான் சரி.

காலையில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினான். சொல்லிக்கொண்டால் அந்த அம்மா "இருந்துட்டுப் போங்களேன்" என்று சொல்ல வேண்டியிருக்கும், பாவம், அந்தச் சிரமத்தை எதற்குக் கொடுப்பது என்று நினைத்தான். மளிகைக்கடைக் கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கீழே வந்து கழிவறைக்குப் போனான், கதவைத் திறந்தான், ஓடினான்.

தெருவில் எதிரே வந்த ஒருவர் அவன் காலைப் பார்த்தார். அடுத்தவரும் பார்த்தார். ஹயாதோ வேகமாக நடந்தான். நடக்கும்போது ஏனோ சளக் சளக் என்று கேட்டது. ரயில் நிலையத்து வாசலில் ஒரு வயதான டாக்ஸிக்காரர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டார்.

"தம்பி, ரொம்ப அவசரமோ? கழிவறை அந்தப் பக்கம்."

ஹயாதோ குனிந்து பார்த்தான். காலில் பச்சைக் கலர் பிளாஸ்டிக் செருப்பு. ரெண்டின் மேலும் பெரிய எழுத்தில் 'கழிவறை' என்று எழுதியிருந்தது. இங்கே கழிவறைக்குள் போட்டுக்கொள்ள என்று தனிச் செருப்பு உண்டு, வீட்டுக்குள்ளேயே அந்தச் செருப்போடு இன்னொரு அறைக்குப் போனால் மானம் போய்விடும். இவன் அதோடு பாதி ஊரைக் கடந்து வந்திருக்கிறான். காலில் ஏதோ மாட்டியிருந்ததால் மூளை வெளியே போகலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டது.

அக்காவுக்கு போன் போட்டான். "அக்கா, நான் வந்துடுறேன்."

"என்னடா ஆச்சு?"

அவன் பதில் சொல்வதற்குள் சைக்கிள் மணி கேட்டது. ஃபுமியே சைக்கிளை எழும்பி எழும்பி மிதித்துக்கொண்டு வந்தார். முன்கூடையில் ஹயாதோவின் ஷூ.

"தம்பி! ஷூ!"

பிரேக் போட்டு இறங்கி, மூச்சு வாங்க நின்றார். அவன் காலைப் பார்த்தார். அவன் கையிலிருந்த கவரைப் பார்த்தார். நிலைய வாசலைப் பார்த்தார்.

"ஊருக்கா?"

ஹயாதோ தலை தரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்தான். "மன்னிச்சிடுங்க. செருப்பத் திருடணும்னு எடுக்கல."

"கழிவறைச் செருப்ப யாரு தம்பி திருடுவா? நான் அப்படி என்ன பண்ணிட்டேன்? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க. அடுத்து வர்றவங்களுக்காவது சரியாப் பண்ணுவேன்."

ஹயாதோவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஊரிலிருந்து கிளம்பியது முதல் பேசாத பேச்சையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினான்.

"நீங்க ஒண்ணும் பண்ணலைங்க! நான்தான் முட்டாள். நீங்க பை பெருசுன்னீங்க, எனக்குப் புரியல. இன்னொரு கிண்ணம் சோறுன்னீங்க, நான் பாட்டுக்கு மூணு கிண்ணம் தின்னேன். அமைதியா இருக்கேன்னீங்க, கோயிலுக்கு வாங்களேன்னீங்க, தங்கச்சி வீட்டுக்குப் போங்கன்னீங்க. நீங்க நாசூக்கா சொல்லிக்கிட்டேதான் இருந்தீங்க. எங்க ஊர்ல இப்படி ஒண்ணச் சொல்லி ஒண்ண நெனக்கத் தெரியாது. நீங்க அசல் கியோட்டோக்காரங்க. உங்க பேச்சோட அர்த்தம் என்னை மாதிரி ஆளுக்கு எப்படிங்க புரியும்?"

ஃபுமியே ஒரு அடி கிட்டே வந்தார்.

"என்ன சொன்னீங்க?"

"அர்த்தம் புரியலன்னு..."

"அது இல்ல. நான் யாருன்னு சொன்னீங்க?"

"கியோட்டோ... க்காரங்கன்னு."

ஃபுமியேயின் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. செத்தேன், அழவைத்துவிட்டேன் என்று ஹயாதோ போனைக் காதில் வைத்துக் கிசுகிசுத்தான்.

"அக்கா, அவங்க அழுறாங்க."

"கியோட்டோவுல அழுதா சிரிக்கிறாங்கன்னு அர்த்தம்டா!"

முதல் தடவையாக அக்கா சொன்னது சரியாக இருந்தது. ஃபுமியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கூடையிலிருந்த ஷூவும் சேர்ந்து ஆடியது.

"இன்னொரு தடவ சொல்லுங்க தம்பி."

"எதுங்க?"

"அதான், அந்தக் கடைசி விஷயம். சத்தமா. அண்ணனுக்கும் கேக்கணும்," என்று டாக்ஸிக்காரரைக் காட்டினார்.

ஹயாதோ ஒன்றும் புரியாமல், கழிவறைச் செருப்போடு விறைப்பாக நின்று, நிலையத்துக்கே கேட்கும்படி சொன்னான். "நீங்க அசல் கியோட்டோக்காரங்க!"

டாக்ஸிக்காரர் வண்டியின் மேல் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இந்த யமாஷினா முகவரியிலதான் கியோட்டோ. இங்க பொறந்த இந்தம்மா கல்யாணமாகிப் போனது மலைக்கு அந்தப்பக்கம், அசல் கியோட்டோவுக்கு. மாமியார் சாகற வரைக்கும் 'யமாஷினாக்காரி'ன்னுதான் கூப்பிட்டாங்க. மனசுல இருக்கிறத அப்படியே வெளிய சொல்லிடுறோம்னுதான் இந்தப்பக்கத்து ஆளுங்களக் கியோட்டோவுலயே அவங்க சேத்துக்கிறதில்ல!"

ஹயாதோ ஷூவை மாட்டிக்கொண்டு திரும்பிப் போய் நாலு கிண்ணம் சாப்பிட்டான். ஹிமேஜியை அதற்கு மறுநாள் பார்த்தான். மாமாவின் பெட்ரோல் பங்க் இன்னும் காத்திருக்கிறது.

இதை வீட்டில் யார் படித்தாலும் ஒரே ஒரு உதவி செய்யுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா, "பொங்கலுக்கு வரணும்னு ஒண்ணும் இல்லப்பா, நீ அங்கயே நல்லா இரு" என்று சொன்னார். நான் வரட்டுமா, வேண்டாமா? அம்மாவிடம் கேட்டு, நேராகச் சொல்லுங்கள்.